பனி மூடும் மலையில் பாம்புக்கு வறட்சியா?

கேமரன் மலையில் மழைக்காலத்தில் துணி காய மூன்று நாள் ஆகும். ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சாடியில் உப்பு கசியும். பிள்ளைகளின் பள்ளிச் சப்பாத்தில் பூசணம் பூக்கும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பிராணி ஈரம் போதாமல் தோல் வறண்டு துன்பப்படுகிறது என்று சொன்னால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அது உண்மை. அந்தப் பிராணி, கூண்டில் வளர்க்கப்படும் பாம்பு.

பாம்பை யார் வளர்ப்பார்கள் என்று கேட்க வேண்டாம். பட்டணத்துக்கு வேலைக்குப் போகும் நம் இளைஞர்களில் சிலருக்கு இந்த ஆசை வந்துவிட்டது. செல்லப் பிராணிக் கடையில் ஒரு குட்டியை வாங்கிப் பெட்டியில் வைத்து, பேருந்தில் மலை ஏறிவிடுகிறார்கள். லயத்தில் பாதிப் பேர் பார்க்க வருகிறார்கள். மீதிப் பேர் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். விடுமுறை முடிந்ததும் பையன் போய்விடுகிறான். பாம்பும் பெட்டியும் அம்மாவின் பொறுப்பாகிவிடுகின்றன. அந்த அம்மாவுக்கும், பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கும் தம்பி தங்கைகளுக்குமே இந்தக் கட்டுரை.

கடைகளில் அதிகம் விற்பது ‘பால் பைத்தான்’ என்னும் சிறிய மலைப்பாம்பு. இதன் சொந்த நாடு மேற்கு ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் முதலிய நாடுகள். விஷம் கிடையாது. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துப் பந்து போல் சுருண்டுகொள்ளும். பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான் இந்தப் ‘பால்’. பெயரைக் கேட்டுவிட்டுக் கிண்ணத்தில் பசும்பால் வைத்த பாட்டிமாரும் உண்டு! எந்தப் பாம்புக்கும் பால் உணவல்ல. தாகத்தில் தவித்தால் நக்கிப் பார்க்கும். பிறகு வயிறு கெடும். எலியும் சுத்தமான தண்ணீரும் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் காட்டு மலைப்பாம்பையோ நாகத்தையோ கொழுந்துக் காட்டில் கண்டு பிடித்துவந்து வளர்க்கலாம் என்று எண்ணக்கூடாது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவை பாதுகாக்கப்பட்ட பிராணிகள். பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்குத் துறையின் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டுப் பாம்பானாலும் கடைக்காரரிடம் பத்திரத்தைக் கேளுங்கள். பெர்ஹிலித்தான் அலுவலகத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள். பத்திரம் காட்டத் தயங்கும் கடையில் காசைக் கொடுக்காதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். நம் உடம்பு தானே சூடு உண்டாக்கிக்கொள்கிறது. பாம்புக்கு அந்த வசதி இல்லை. சுற்றியிருக்கும் இடத்தின் சூடுதான் அதன் உடம்புச் சூடு. விதிவிலக்காக, முட்டையைச் சுற்றிக்கொண்டு அடைகாக்கும் சில இனத்துத் தாய் மலைப்பாம்புகள் தசையை விட்டுவிட்டுத் துடிக்கச் செய்து சூடு பண்ணும். இதை 1841இல் பாரிஸ் உயிரியல் பூங்காவில் வாலன்சியன் என்ற அறிஞர் அளந்தே காட்டினார். மற்ற வேளைகளில் அந்தத் தாய்க்கும் வெளிச்சூடுதான் கதி. சூடு குறைந்தால் விழுங்கிய எலி செரிக்காது. வயிற்றிலேயே அழுகிவிடும், சில நாள் கழித்து நாற்றத்தோடு வெளியே வரும். நெஞ்சில் சளி கட்டும். மூக்கில் குமிழி தெரியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். ‘சாப்பிடவே மாட்டேன் என்கிறது’ என்று புகார் சொல்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, பெட்டிக்குள் எத்தனை டிகிரி என்பதுதான். பெரும்பாலும் பெட்டிக்குள் வெப்பமானியே இருக்காது.

குளிர் எவ்வளவு கொடுமை செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் சாட்சி. செல்லப் பிராணியாக வந்த பர்மிய மலைப்பாம்புகள் அங்கே சதுப்புக் காட்டில் தப்பிப் பெருகிவிட்டன. 2010 ஜனவரியில் கடுங்குளிர் வீசியபோது, வானொலிக் கருவி பொருத்திக் கண்காணிக்கப்பட்ட 10 பாம்புகளில் 9 இறந்தன. நம் மலையில் அவ்வளவு குளிர் இல்லை. 1978 பிப்ரவரி 1ஆம் தேதி இங்கே பதிவான 7.8 டிகிரிதான் மலேசியாவிலேயே மிகக் குறைவு என்பார்கள். சாதாரண நாட்களில் தானா ராத்தாவில் இரவு 15, 16 டிகிரி. பகல் 22, 23. நமக்குக் கம்பளி போதும். ஆப்பிரிக்கப் பாம்புக்கு இது ஒரே இரவில் கொல்லும் குளிரல்ல. வாரக்கணக்கில் கொல்லும் குளிர்.

பினாங்குப் பாம்புக் கோயிலைப் பார்த்தவர்கள், ‘அங்கே கூண்டும் இல்லை, சூடும் இல்லை, பீடத்தில் சும்மா கிடக்கிறதே’ என்று கேட்கலாம். பாயான் லெப்பாஸ் கடலோரப் பூமி, இரவிலும் புழுக்கம். அங்கே கிடப்பதும் அந்தச் சீதோஷ்ணத்தில் பிறந்த விரியன் வகை. ஊரே அதற்குக் கூண்டு. நாம்தான் பெட்டிக்குள் ஓர் ஊரை உண்டாக்க வேண்டியிருக்கிறது.

பால் பைத்தானுக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி, மறுபக்கம் 26, 27 டிகிரி வேண்டும். இரண்டும் இருந்தால் அது தானே நகர்ந்து வேண்டிய சூட்டைத் தேடிக்கொள்ளும். இரவிலும் 24க்குக் கீழே போகக்கூடாது. இதற்கென்று சூட்டுப் பாய் விற்கிறார்கள். அதைப் பெட்டிக்கு வெளியே, அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் வைக்க வேண்டும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாமல் பாயை வாங்கவே வேண்டாம். பாம்புக்கு அடிவயிறு வெந்தாலும் விலகத் தெரியாமல் அங்கேயே கிடக்கும். பார்ப்பவர்கள் ‘சுகமாகத் தூங்குகிறது’ என்று நினைத்துக்கொள்வார்கள்.

நம் ஊர்க் குளிருக்குப் பாய் மட்டும் போதாது. அது தரையைச் சுடவைக்குமே தவிரக் காற்றைச் சூடாக்காது. கண்ணாடித் தொட்டியென்றால் சூடு நாலு பக்கமும் ஓடிவிடும். பின்புறமும் இரு பக்கமும் வெளியே போலிஸ்டைரின் அட்டை ஒட்டிவிட்டால் நிறையச் சூடு மிச்சமாகும். இன்னும் போதாவிட்டால் ஒளியில்லாத பீங்கான் சூட்டு விளக்கை மேலே பொருத்தலாம். அதற்குக் கம்பிவலை மூடியும் தனி தெர்மோஸ்டாட்டும் அவசியம். பழைய லயத்து மின்கம்பியில் ஒரே இணைப்பில் சோற்றுப்பானையும் சூட்டு விளக்கும் தொலைக்காட்சியும் மாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். தீ பிடித்தால் வரிசையே போகும். மின்சாரம் நின்றால் வெந்நீரைப் போத்தலில் ஊற்றி, துவாலையில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். கரி அடுப்பை மூட்டி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்த வேண்டாம். அதன் நச்சுப் புகையில் பாம்பு இருக்கட்டும், வீட்டாரே பிழைக்கமாட்டார்கள்.

இப்படிச் சூடு கொடுத்து முடித்த பிறகுதான் அந்த வறட்சி வருகிறது. தேயிலை ஆலையில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மழை நாளில் வரும் ஈரக் கொழுந்தை வாட்டும் தொட்டியில் பரப்பி, வெளிக் காற்றை அப்படியே ஊதினால் இலை வாடாது. அதே காற்றைச் சற்றுச் சூடாக்கி ஊதினால் வாடிவிடும். காற்றிலிருந்த நீர் எங்கும் போகவில்லை. சூடான காற்றுக்குத் தாகம் அதிகம், அவ்வளவுதான். 16 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று பதின்மூன்றரை கிராம் நீராவியைத்தான் தாங்கும். 30 டிகிரியில் 30 கிராம் தாங்கும். ஆகவே வெளியே 95 சதவிகித ஈரப்பதம் உள்ள பனிக்காற்று, பெட்டிக்குள் போய் 30 டிகிரியானதும் அதன் ஈரப்பதம் 40 சதவிகித அளவுக்கு இறங்கிவிடுகிறது. பாம்புக்கு வேண்டியது 60 சதவிகிதம். தோல் உரிக்கும் நாட்களில் 70. சூடு ஏற்ற ஏற்ற, அந்தப் பெட்டி நம்மை அறியாமல் கொழுந்து வாட்டும் தொட்டியாகிவிடுகிறது.

இதற்குத் தண்ணீரைத் தெளித்துப் பெட்டியைச் சேறாக்குவது மருந்தல்ல. நனைந்த தரையில் கிடந்தால் வயிற்றுச் செதில் புண்ணாகும். அகலமான தண்ணீர்க் கிண்ணத்தைச் சூடான பக்கத்துக்கு அருகில் வைத்தால் நீர் மெல்ல ஆவியாகும். மேல்மூடி வலையானால் பாதிக்கு மேல் மூடிவிடுங்கள். காற்றோட்டத்தை முழுதும் அடைக்க வேண்டாம். படுக்கைக்குத் தென்னை நார்த்தூள் நல்லது. ஸ்ட்ராபெரித் தோட்டங்களில் பையில் நிரப்புகிறார்களே, அதுதான். உரம் கலந்த பழைய தூள் மட்டும் ஆகாது. சூடான பக்கத்தில், வாசல் வெட்டிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத் தூளை வைத்துவிட்டால், பாம்புக்கு வேண்டியபோது அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். இதற்காகப் பிரிஞ்சாங் மலைக்காட்டுப் பாசியைப் பறித்து வராதீர்கள். அது வளர எத்தனையோ காலம் ஆகும்.

நம் நிலைமைக்கு நேர் எதிரான இடம் ஒன்று உண்டு. சென்னைக்குத் தெற்கே கடலோர வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷமுறிவு மருந்துக்காக நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்துவந்து சில வாரங்கள் வைத்திருக்கிறது. அங்கே சூட்டுப் பாயும் இல்லை, கண்ணாடித் தொட்டியும் இல்லை. மண்பானையில் மணல் போட்டு, வாயைத் துணியால் கட்டி, நிழலில் வைக்கிறார்கள். அந்த ஊரில் தணிக்க வேண்டியதே வெயில்தான். விஷம் எடுத்த பிறகு காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்த இருளர்களில் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் புளோரிடாவுக்கே போய் அந்த மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்குப் பாம்பைப் பற்றி என்ன தெரியும் என்று பேசுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

ஈரப்பதம் காட்டும் கருவி மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் அது சொல்வது மெய்தானா என்று சோதிக்க வேண்டும். ஒரு போத்தல் மூடியில் உப்பை எடுத்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் போல் ஆக்குங்கள். அதையும் கருவியையும் ஒரே பிளாஸ்டிக் பையில் வைத்து இறுகக் கட்டி எட்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். கருவி 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் 7 குறைவாகச் சொல்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். என் வகுப்பில் பிள்ளைகள் இதை விரும்பிச் செய்கிறார்கள். பாம்பு இல்லாத வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

பாம்பை வைத்துப் பராமரிக்க முடியவில்லையென்றால் தேயிலைக் காட்டில் விட்டுவிடாதீர்கள். விடுதலை கொடுத்தோம் என்று நினைப்போம். அது குளிரில் விறைத்துச் சாகும், அல்லது அரிவாளுக்குப் பலியாகும். வாங்கிய கடையிலோ பெர்ஹிலித்தானிலோ பேசி ஒப்படையுங்கள்.

வைத்துக்கொள்பவர்கள், கண் நீலம் பாய்ந்து மங்கலாகும் நாட்களைக் கவனியுங்கள். சட்டை உரிக்கப்போகிறது என்று அர்த்தம். அப்போது உணவு வைக்க வேண்டாம்; கையில் எடுக்க வேண்டாம்; ஈர டப்பாவை மட்டும் காயவிடாதீர்கள். ஒரு வாரம் பத்து நாளில் உரித்துவிடும். உரித்த சட்டையை எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முகத்திலிருந்து வால் நுனிவரை ஒரே துண்டாக இருக்க வேண்டும்; இரண்டு கண்ணின் மேல் படலமும் அதில் வட்டமாகத் தெரிய வேண்டும். துண்டு துண்டாக இருந்தாலோ கண் படலம் காணாவிட்டாலோ பெட்டி இன்னும் வறட்சிதான். ஒட்டியிருப்பதை நகத்தால் கிள்ளாதீர்கள், கண்ணே போய்விடும். ஈர டப்பாவில் இரண்டு நாள் விட்டுப் பார்த்து, அப்போதும் போகாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.