துணை இயந்திரத் துப்பாக்கிகளில் போல்ட்டின் நிறையும் சுடு வேகமும்: ஓர் இயற்பியல் விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

துணை இயந்திரத் துப்பாக்கிகளில் போல்ட்டின் எடை கூடினால் சுடு வேகம் குறையும் என்பது படைக்கல வரலாற்று நூல்களில் பரவலாகக் காணப்படும் கூற்று. இக்கூற்று ஓர் எல்லைக்குள் மட்டுமே பொருந்தும் என்பதை உந்த மாறா விதியின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. போல்ட் பின்சுவரில் மோதும்வரைதான் நிறை சுடு வேகத்தை நேரடியாக மாற்றுகிறது. மோதல் நின்ற பின்னர் சுருள்வில்லின் விசையும் தோட்டாவின் கணத்தாக்குமே வேகத்தை முடிவு செய்கின்றன. தாம்சன், எம்3, பெபெஷா-41, ஊசி, ஸ்கார்பியன், ஸ்டென் ஆகிய வரலாற்றுச் சான்றுகள் இதன் அடிப்படையில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பின்னுந்தல் முறை, போல்ட், உந்தம், கணத்தாக்கு, சுடு வேகம், நிலைமம்.

முன்னுரை

முதல் உலகப் போரின் இறுதி ஆண்டான 1918-இல் ஜெர்மனியின் எம்பி 18 களத்திற்கு வந்தது. அதனைத் தொடர்ந்து உருவான துணை இயந்திரத் துப்பாக்கிகளுள் பெரும்பாலானவை எளிய பின்னுந்தல் முறையில் இயங்குபவை. கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தொடர்ச்சியாகச் சுடும் இக்கருவிகளில், தோட்டா அறையின் பின்வாயை அடைத்து நிற்கும் கனமான எஃகுத் துண்டே போல்ட் எனப்படுகிறது. இதனை எந்தப் பூட்டும் பிடித்து வைப்பதில்லை. அதன் நிலைமமும் பின்னாலுள்ள சுருள்வில்லுமே அதனைத் தாங்குகின்றன. ஆகவே போல்ட்டின் நிறை என்பது கருவியின் பாதுகாப்பு, வேகம், தோட்டாச் செலவு ஆகிய மூன்றையும் ஒருங்கே தொடும் அளவாகும்.

போல்ட் ஏன் கனமாக இருத்தல் வேண்டும்?

9 மி.மீ. பாரபெல்லம் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 8 கிராம் நிறையுடையது; வினாடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. குண்டின் உந்தம் 3.2 நியூட்டன்-வினாடி. வெடிமருந்து வாயுவின் பங்கையும் சேர்த்து ஒரு சூட்டின் மொத்தக் கணத்தாக்கை 3.6 நியூட்டன்-வினாடி எனக் கொள்ளலாம். போல்ட் 600 கிராம் எனில், அது பெறும் பின்னோக்கிய வேகம் வினாடிக்கு 6 மீட்டர் மட்டுமே. குண்டு 20 செ.மீ. குழலைக் கடக்கும் நேரத்தில் போல்ட் ஏறத்தாழ 3 மி.மீ. நகர்ந்திருக்கும். அதாவது, அழுத்தம் தணியும்வரை பித்தளைக் கூடு தோட்டா அறையின் சுவர்களுக்குள்ளேயே இருக்கிறது. போல்ட் மிக இலேசாக இருப்பின் கூடு அழுத்தம் தணியுமுன் வெளிவந்து வெடிக்கும். சுடுபவரின் முகத்திற்கே கேடு நேரும். எனவே நிறையின் முதற்பணி சுடுபவரைக் காப்பதாகும். சுடு வேகம் அதன் பின்விளைவே.

பல கருவிகளில் போல்ட் முன்னோக்கி விரைந்து கொண்டிருக்கும்போதே தோட்டா பற்றவைக்கப்படுகிறது. அப்போது கணத்தாக்கின் ஒரு பகுதி போல்ட்டை நிறுத்துவதற்கும், எஞ்சியது அதனைப் பின்னுக்குத் தள்ளுவதற்கும் செலவாகிறது. இதனால் போல்ட்டின் நிறையைக் கணிசமாகக் குறைக்க முடிகிறது.

ஒரு சுழற்சியின் உந்தக் கணக்கு

தொடர்ந்து சுடும்போது ஒவ்வொரு சுழற்சியின் முடிவிலும் போல்ட் தொடக்க நிலைக்கே திரும்புகிறது. ஆகவே ஒரு சுழற்சியில் அதன் மீது செயற்பட்ட கணத்தாக்குகளின் கூட்டுத்தொகை சுழியாகும். உராய்வை ஒதுக்கி, சுருள்வில்லின் விசை மாறாதது எனக் கொண்டால் பின்வரும் சமன்பாடு கிடைக்கிறது:

சூட்டின் கணத்தாக்கு = (சுருள்வில்லின் விசை × சுழற்சிக் காலம்) + பின்சுவர் மோதலின் கணத்தாக்கு

இச்சமன்பாட்டில் போல்ட்டின் நிறை வெளிப்படையாக இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. பின்சுவர் மோதல் என்னும் உறுப்பின் வழியாகவே அது உள்ளே நுழைகிறது. போல்ட் பின்சுவரைத் தொடாமலேயே நின்று திரும்பினால் அவ்வுறுப்பு சுழியாகிவிடும். அந்நிலையில் சுழற்சிக் காலம் என்பது கணத்தாக்கை விசையால் வகுத்த ஈவு மட்டுமே.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கணத்தாக்கு 3.6 நியூட்டன்-வினாடி, சுருள்வில்லின் விசை 40 நியூட்டன், போல்ட் நகர்வதற்குரிய தூரம் 6.75 செ.மீ. எனவும், பின்சுவரில் மோதும் போல்ட் துள்ளாமல் நின்றுவிடுகிறது எனவும் கொண்டால், கணக்கீடு தரும் விடைகள் இவை:

போல்ட் 300 கிராம்: நிமிடத்திற்கு ஏறத்தாழ 1450 தோட்டாக்கள்.
போல்ட் 450 கிராம்: நிமிடத்திற்கு ஏறத்தாழ 1050 தோட்டாக்கள்.
போல்ட் 600 கிராம்: நிமிடத்திற்கு ஏறத்தாழ 670 தோட்டாக்கள்.
போல்ட் 900 கிராம்: நிமிடத்திற்கு ஏறத்தாழ 670 தோட்டாக்கள்.

இம்மாதிரியில் 600 கிராம் என்பது எல்லை நிறை. அந்த நிறையில் போல்ட் பின்சுவரைத் தொட்டும் தொடாமலும் திரும்புகிறது. அதற்குக் கீழே நிறை குறையக் குறைய மோதல் வலுக்கிறது. சுழற்சிக் காலம் சுருங்குகிறது. அதற்கு மேலே நிறையைக் கூட்டினால் வேகம் மாறுவதில்லை. போல்ட் பின்செல்லும் தூரம் மட்டுமே குறைகிறது. 900 கிராம் போல்ட் 4.5 செ.மீ. மட்டுமே பின்செல்லும். 9 மி.மீ. தோட்டாவின் முழுநீளம் ஏறத்தாழ 3 செ.மீ. என்பதால், நிறையை மேலும் கூட்டினால் அடுத்த தோட்டாவை எடுக்கும் அளவிற்குக்கூட போல்ட் பின்செல்லாது, கருவி தடைப்படும்.

வரலாற்றுச் சான்றுகள்

தாம்சன் துப்பாக்கியின் 1921 மாதிரி நிமிடத்திற்கு 800-க்கும் மேற்பட்ட தோட்டாக்களைச் சுட்டது. வேகத்தைக் குறைக்க வேண்டும் என அமெரிக்கக் கடற்படை விரும்பியதால், போல்ட்டுடன் சேர்ந்து நகரும் இயக்குத் துண்டு கனமாக்கப்பட்டது. 1928 மாதிரியின் வேகம் 600 முதல் 700 வரையில் அமைந்தது. இது எளிய பின்னுந்தல் வகையைச் சார்ந்ததன்று எனினும், நகரும் நிறையைக் கூட்டியே வேகம் குறைக்கப்பட்டமைக்குத் தெளிவான சான்றாகும்.

1942-இல் ஏற்கப்பட்ட அமெரிக்காவின் எம்3, கனமான போல்ட்டுடன் நிமிடத்திற்கு ஏறத்தாழ 450 தோட்டாக்களையே சுட்டது. சோவியத் ஒன்றியத்தின் பெபெஷா-41 நிமிடத்திற்கு ஏறத்தாழ 900 தோட்டாக்களைச் சுட்டது. அதன் போல்ட் பின்சுவரில் மோதும் அதிர்வைத் தாங்குவதற்கெனத் தனி அதிர்வுத் தாங்கி பொருத்தப்பட்டிருந்தது. இந்த வேகத்தில் 71 தோட்டாக்கள் கொண்ட உருளைப் பெட்டி ஐந்து வினாடிக்குள் தீர்ந்துவிடும். தோட்டாக்களைச் சுமந்து செல்லும் வீரனுக்கு இது வெறும் எண் அன்று.

இஸ்ரேலின் ஊசி துப்பாக்கியில் போல்ட்டின் ஒரு பகுதி குழலின் பின்முனையை உறைபோல் மூடி முன்னோக்கி நீள்கிறது. இதனால் கருவியின் நீளம் கூடாமலேயே தேவையான நிறை கிடைத்தது. வேகம் நிமிடத்திற்கு 600 அளவில் இருந்தது. இதே கருவி சிறிதாக்கப்பட்டபோது போல்ட்டின் நிறையும் அது நகரும் இடமும் ஒருசேரக் குறைந்தன. மினி வகையில் வேகம் 900-ஐயும், மைக்ரோ வகையில் 1200-ஐயும் தாண்டியது.

செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்கார்பியன் வேறொரு வழியைத் தேர்ந்தது. அதன் இலேசான போல்ட் பின்னிலையில் ஒரு கொக்கியால் பிடிக்கப்படுகிறது. கைப்பிடிக்குள் இறங்கி ஏறும் ஒரு சிறு எடை அக்கொக்கியை விடுவித்த பின்னரே அது முன்னேறுகிறது. நிறையால் பெற இயலாத தாமதம் காத்திருப்பால் பெறப்பட்டது.

கனமான போல்ட்டின் மறுபக்கம்

சுருள்வில்லைத் தளர்த்தி, போல்ட்டைக் கனமாக்கினால் சுடு வேகம் குறையும் என்பது மேற்கண்ட சமன்பாட்டிலிருந்து பெறப்படும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்டென் துப்பாக்கி கீழே விழுந்தால் தானாகவே சுட்டுவிடும் எனப் பெயர் பெற்றிருந்தது. தோட்டாப் பெட்டி பொருத்தப்பட்ட கருவியின் அடிக்கட்டை தரையில் மோதும்போது, போல்ட் நிலைமத்தால் சுருள்வில்லை அழுத்திக்கொண்டு பின்செல்கிறது. திரும்பும் வழியில் தோட்டாவை எடுத்து வெடிக்கச் செய்கிறது. நமது மாதிரியில் 40 நியூட்டன் விசைக்கு எதிராக 4 செ.மீ. பின்செல்ல 1.6 ஜூல் ஆற்றல் போதும். 600 கிராம் போல்ட் 27 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தாலே அவ்வாற்றலைப் பெற்றுவிடும். நிறையைக் கூட்டினாலும் விசையைக் குறைத்தாலும் இவ்வுயரம் மேலும் குறையும். சுடும்போது கட்டுப்பாட்டைத் தரும் அதே மாற்றம், சுடாதபோது விபத்திற்கு வழிவகுக்கிறது. போல்ட்டைத் தனியே பூட்டி வைக்கும் பாதுகாப்பு அமைப்புகள் இதனாலேயே இன்றியமையாதன ஆயின.

முடிவுரை

போல்ட்டின் நிறை சுடு வேகத்தைத் தனித்து ஆளும் காரணி அன்று. தோட்டாவின் கணத்தாக்கு, சுருள்வில்லின் விசை, போல்ட் நகரும் தூரம் ஆகிய மூன்றோடும் சேர்ந்தே அது செயற்படுகிறது. எல்லை நிறைக்குக் கீழே நிறை முதன்மைக் காரணியாகவும், அதற்கு மேலே தூரத்தை மட்டும் மாற்றும் காரணியாகவும் அமைகிறது. எனவே இரு கருவிகளின் சுடு வேகங்களை ஒப்பிடும் ஆய்வாளர்கள் போல்ட்டின் எடையை மட்டும் பட்டியலிடாது, போல்ட் பின்சுவரில் மோதுகிறதா என்னும் வினாவை முதலில் எழுப்புதல் பொருத்தமாகும். மாணவர்க்கு உந்த மாறா விதியைக் கற்பிக்கும்போது, துப்பாக்கியின் பின்னுதைப்பு என்னும் வழக்கமான எடுத்துக்காட்டோடு நின்றுவிடாமல், ஒரு முழுச் சுழற்சியின் கணக்காக அதனை விரித்துக் காட்டவும் இவ்விளக்கம் துணைபுரியும்.