உட்புற நிலம் மலிவுதான். கிராண்ட் யார் பெயரில்?

பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கும் பணத்தில், உட்புறக் கம்போங் ஓரமாகச் சில ஏக்கர் நிலமே வாங்கிவிடலாம். பணி ஓய்வுக்குப் பின் ஒரு சிறு வீடு, நாலு தென்னை, கொஞ்சம் கோழி என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த ஆசை கூடுதல். மூன்று தலைமுறை பால் வெட்டியும் ஓர் அடி நிலம் சொந்தமாகாத குடும்பங்கள் ஏராளம்.

1950களின் இறுதியில் தோட்டத் துண்டாடலால் வேலையும் லயன் வீடும் ஒன்றாகப் பறிபோயின. அதற்குப் பதிலாகத்தான் 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் மாதாமாதம் கட்டிய பணத்தில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. கெடாவின் புக்கிட் சிடிம் அதன் முதல் தோட்டம்.

இன்று தனியாக வாங்குபவர் முதலில் செய்ய வேண்டியது, நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல். சிறு கட்டணம்தான். விற்பவர் காட்டும் நகலை நம்பி முன்பணம் கொடுப்பது ஆபத்து. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். வங்கிக் கடன், கேவியட் இருந்தால் அதுவும் அங்கே தெரிந்துவிடும். ‘செகாத்தான் கெபெந்திங்கான்’ என்ற வரியைக் கட்டாயம் படியுங்கள்; மாநில அரசின் அனுமதியின்றி விற்க முடியாது என்று அதில் இருக்கலாம். மலாய் ஒதுக்கீட்டு நிலமென்றால் நம்மவர் பெயருக்கு மாற்றவே முடியாது. குத்தகை நிலமென்றால் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்று பாருங்கள்.

அதிகம் ஏமாறுவது இரண்டு இடத்தில். ஒன்று, டி.ஓ.எல். நிலம். அது தற்காலிக உரிமம் மட்டுமே. ஆண்டு முடிவில் காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டும். இன்னொருவருக்கு மாற்ற முடியாது, வைத்திருப்பவர் இறந்தால் அதோடு முடிந்தது. அதன் மேல் கல்வீடே இருந்தாலும் நிலம் அரசாங்கத்துடையது. ‘கடிதம் எழுதித் தருகிறேன்’ என்பவரிடம் சேமநிதிப் பணத்தைக் கொடுத்தால் மிஞ்சுவது அந்தக் கடிதம்தான்.

மற்றொன்று, ஒரே கிராண்டில் பலர் பெயர். விவசாய நிலத்தைப் பொதுவாக 0.4 ஹெக்டருக்குக் கீழ், அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் கீழ், பிரித்துத் தனி கிராண்ட் எடுக்க முடியாது. ஆகவே ‘கால் ஏக்கர் லாட்’ என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் பங்கு மட்டுமே. எந்த மூலை உங்களுடையது என்று கிராண்ட் சொல்லாது. பின்னால் விற்கவோ கடன் வாங்கவோ போனால்தான் தலைவலி புரியும். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தைப் பலருக்குப் பிரித்து விற்பதென்றால் தோட்ட நில வாரியத்தின் அனுமதியும் தேவை. அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

முன்பணத்தை வழக்கறிஞர் கணக்கில் வைப்பது நல்லது. பெயர் மாற்றம் 14ஏ படிவத்தில் நடக்கும்.

கையெழுத்துப் போடுமுன் மழைநாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மண் பாதையில் கார் ஏறுகிறதா, அந்தப் பாதை யாருடைய நிலத்தில் போகிறது, குழாய்த் தண்ணீர் எதுவரை வருகிறது, மின்கம்பம் எவ்வளவு தூரம், இரவில் நெஞ்சுவலி என்றால் எந்த மருத்துவமனைக்கு ஓடுவது என்று அங்கே குடியிருப்பவர்களிடமே கேட்டுவிடலாம்.