கட்டி தட்டாத குழம்புக்கு யானைக்கவுனி வழி

சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி வால்டாக்ஸ் ரோட்டைப் பிடித்து வடக்கே போனால் யானைக்கவுனி வந்துவிடும். 1769இல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசல் வரை வந்து மிரட்டிவிட்டுப் போனது. அந்தக் காலகட்டத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி, கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பியது. மதிலின் வாசல்களில் ஒன்று இந்தக் கவுனி. இன்று இங்கே மதிலும் இல்லை, வாசலும் இல்லை. ஆனால் தமிழ், தெலுங்கு, மார்வாடி, குஜராத்தி என்று பல வீட்டுக் குழம்புகள் ஒரே தெருவில் கொதிக்கின்றன. பக்கத்தில் சௌகார்பேட்டை, அதற்குள் மின்ட் தெரு. இந்த வட்டாரத்தில் கடலைமாவு பஜ்ஜிக்கு மட்டுமானதல்ல, குழம்புக்கும் அதுதான் ஆதாரம்.

குழம்பைக் கெட்டியாக்க நம் வீடுகளில் இருக்கும் வழிகள் எல்லோருக்கும் தெரியும். சாம்பார் நீர்த்துப் போனால் அரிசி மாவைக் கரைத்து ஊற்றுவோம். மோர்க்குழம்புக்குத் துவரம்பருப்பும் அரிசியும் ஊறவைத்துத் தேங்காயோடு அரைப்போம். குருமாவுக்குக் கசகசா, முந்திரி, பொட்டுக்கடலை. பூரிக்குத் தொட்டுக்கொள்ள அவசரத்துக்குச் செய்யும் பாம்பே சட்னியில் கடலைமாவுக் கரைசல். எல்லாமே தண்ணீரில் கரைத்தோ அரைத்தோ சேர்ப்பவை. பெரும்பாலும் கடைசி நேரத்து வேலை. கொஞ்சம் அசந்தால் கட்டி தட்டும். கட்டி தட்டாவிட்டாலும், “இன்னும் மாவு வாசனை போகலியே” என்று சாப்பாட்டில் ஒரு குரல் கேட்கும்.

இதற்கு நேர் எதிரான முறை ஒன்று உண்டு. முதலில் எண்ணெய் அல்லது வெண்ணெய், அதில் மாவு, அது வறுபட்ட பிறகே தண்ணீர். பிரெஞ்சுக்காரர்களின் ‘ரூ’ இதுதான். 1651இல் வெளிவந்த லா வரென் என்பவரின் பிரெஞ்சுச் சமையல் நூலிலேயே, கொழுப்பில் மாவை வறுத்துக் குழம்பைக் கெட்டியாக்கும் வழி இருக்கிறது. அமெரிக்காவின் லூசியானாவில் ‘கம்போ’ என்ற குழம்பைச் செய்கிறவர்கள் மாவைச் சாக்லேட் நிறம் வரும்வரை கிளறுவார்கள். ஜப்பானில் கறிக்கான ரூவே மசாலாவோடு கட்டிகளாகக் கடையில் கிடைக்கிறது.

இந்த வழி சென்னைக்கும் புதிதல்ல. மதராஸ் ராணுவத்தில் இருந்த கென்னி ஹெர்பர்ட் என்ற ஆங்கிலேயர், ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் எழுதிய சமையல் புத்தகம் 1878இல் இங்கேயே அச்சானது. இங்கிருந்த துரைமார் வீடுகளுக்கு ஐரோப்பியச் சமையலை ஒழுங்காகச் சொல்லித்தருவது அதன் நோக்கம்.

சிந்தி கடி

வெண்ணெயும் மைதாவும் வேண்டாம், நம் ருசியிலேயே இந்த வித்தையைப் பார்க்க வேண்டும் என்றால் சிந்தி கடியைப் பார்க்கலாம். 1947 பிரிவினைக்குப் பிறகு சிந்துவிலிருந்து கிளம்பி இந்திய நகரங்களில் குடியேறியவர்கள் கூடவே கொண்டுவந்த குழம்பு இது. மார்வாடி, குஜராத்தி வீடுகளின் கடியில் தயிரில் கடலைமாவைக் கடைந்து கொதிக்கவிடுவார்கள். தயிர் திரியாமல் இருப்பது அந்த மாவின் தயவால். சிந்தி கடியில் தயிரே கிடையாது, புளிதான். வெண்டைக்காய், முருங்கைக்காய், கொத்தவரங்காய், உருளைக்கிழங்கு போட்டு, சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவது. நம் சாம்பாருக்கு ஒன்றுவிட்ட சகோதரி.

அடி கனமான கடாயில் நான்கு மேசைக்கரண்டி எண்ணெய். சீரகம், வெந்தயம், பெருங்காயம் தாளித்து, மூன்று மேசைக்கரண்டி கடலைமாவைப் போட்டு, தீயைச் சிறிதாக்கிக் கிளற வேண்டும். முதலில் மாவு எண்ணெயை எல்லாம் குடித்துவிட்டுக் களியாகத் திரளும். பயந்து எண்ணெய் ஊற்றக் கூடாது. கரண்டியை நிறுத்தாமல் ஓட்டினால் சில நிமிடங்களில் களி தானே இளகும், ஓரத்தில் எண்ணெய் கசியும், நுண்ணிய நுரை எழும். பச்சை வாசம் போய், மைசூர்பாகு கிளறும் வீட்டு வாசம் வரும். நிறம் ஒரு படி கூடியதும் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள். உடனே அரை டம்ளர் வெந்நீர் ஊற்றிக் குழைத்து, பிறகு மீதி நாலைந்து டம்ளரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். தக்காளியும் காய்களும் போட்டு வெந்த பிறகே புளிக்கரைசல். முன்னாலேயே ஊற்றினால் காய் வேகத் தாமதமாகும்.

ஏன் கட்டி தட்டுவதில்லை?

உலர்ந்த மாவைக் கொதிநீரில் கொட்டினால், உருண்டையின் மேல்பரப்பு உடனே வெந்து பசையாகிவிடும். அந்தப் பசை உள்ளே தண்ணீரை விடாது. நடுவில் மாவு மாவாகவே கிடக்கும். எண்ணெயில் வறுத்த மாவிலோ ஒவ்வொரு துகளையும் கொழுப்பு தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கும். தண்ணீர் வந்ததும் துகள்கள் பரவிப் பிறகே உப்பும். கோதுமை மாவுச்சத்து ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் உப்பத் தொடங்குகிறது. கொதிநிலையை நெருங்கும்போதுதான் முழுக் கெட்டி வரும். ஆகவே ஊற்றியவுடன் நீர்த்திருக்கிறதே என்று இன்னொரு கை மாவு போட வேண்டியதில்லை, ஒரு கொதி பார்த்தால் போதும்.

வறுக்க வறுக்க மணம் கூடும், கெட்டியாக்கும் சக்தி குறையும். சூட்டில் மாவுச்சத்தின் சங்கிலிகள் உடைவதுதான் காரணம். வெள்ளை சாஸுக்கு மாவு நிறம் மாறாமல் இரண்டு மூன்று நிமிடம் போதும். பழுப்பு நிறம் வரை போனால் மாவின் அளவைக் கூட்ட வேண்டும். கடலைமாவில் மைதாவைவிடப் புரதம் அதிகம், மாவுச்சத்து குறைவு. அதனால் கடி அடுப்பில் அரை மணி நேரமாவது மெல்லக் கொதிக்க வேண்டும்.

வீட்டுக் கணக்கு

இனி பிரெஞ்சு ரூவுக்கு: எடைக்கு எடை வெண்ணெயும் மைதாவும். பாஸ்தாவுக்கும் சுட்ட காய்கறிக்கும் வெள்ளை சாஸ் என்றால் 250 மி.லி. பாலுக்கு இரண்டிலும் 20 கிராம். தக்காளி சூப்போ காளான் சூப்போ என்றால் அதில் பாதி. வெண்ணெய் உருகி நுரை அடங்கியதும் மாவு. பால் மூன்று தவணையாக. ஒவ்வொரு தவணையும் வழவழப்பான பிறகே அடுத்தது. கரண்டியைவிட முட்டை அடிக்கும் கம்பி இதற்கு உகந்தது.

தீ கூடிக் கரும்புள்ளி விழுந்துவிட்டால் மசாலா போட்டு மறைக்க முடியாது. கசப்பு கடைசிவரை நிற்கும். கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் சிக்கனம். வறுத்த மாவு ஆறிய பின் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். அலுவலகம் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு கிண்ணம் கிளறி வைத்துக்கொண்டால் வாரம் முழுக்க சூப்புக்கு அலுப்பில்லை.

அரிசி மாவுக் கரைசலைக் கைவிடச் சொல்லவில்லை. நீர்த்த சாம்பாரை நிமிர்த்த அதைவிட விரைவான வழி இல்லை. ஆனால் மாவே ருசியாகவும் இருக்க வேண்டிய குழம்பில், அதைக் கடைசியில் சேர்ப்பதால் பயனில்லை. தண்ணீர் ஊற்றும் முன்பே குழம்பின் குணம் முடிவாகிவிடுகிறது. அந்த முதல் ஐந்து நிமிடம் அடுப்பை விட்டு நகராமல் நிற்பவருக்கு மற்ற வேலையைக் கொதி பார்த்துக்கொள்ளும்.