முதற் காற்றுத் தூரிகை: வாங்குமுன் சிந்திக்க வேண்டியவை

விமானம், கப்பல், யுத்த தாங்கி முதலியவற்றின் சிற்றுருவங்களைப் பிளாஸ்ரிக் பகுதிகளால் ஒட்டிச் செய்யும் பொழுதுபோக்கு, பார்ப்போர் கண்ணுக்குச் சிறுபிள்ளை விளையாட்டாகவே தோன்றும். ஈடுபட்டவர் அறிவர், பொறுமையையும் கைநிதானத்தையும் ஒருங்கே வேண்டிநிற்கும் கலை அது என்பதை. ஒட்டும் வேலை முடிந்து வர்ணம் பூசும் வேளை வந்ததும் எவருக்கும் ஓர் ஐயம் எழும். சாதாரண தூரிகை போதுமா? அன்றிக் காற்றுத் தூரிகை வாங்க வேண்டுமா? கடைக்காரர் "எயார்பிரஷ்" என்று எடுத்துக்காட்டும் கருவிகளோ பல. அவற்றின் விலைகளுக்கிடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இவ்வையம் என் வீட்டிலும் எழுந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி, ஈஸ்ரர் ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது என் தகப்பனாருக்கு எட்டு வயது. குதிரைப் பந்தயத் திடலில் அமைத்த ஓடுபாதையிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழுந்து சென்றதை, நேற்று நடந்தது போல அவர் சொல்வார். அவருடைய தொண்ணூறாவது பிறந்த தினத்துக்கு அவ்விமானம் ஒன்றைச் செய்து கொடுக்க என் மகன் விரும்பினான். இரண்டு மாதங்கள் மாலைதோறும் இருந்து, 72இல் ஒரு பங்கு அளவில் அதனை ஒட்டி முடித்தான்.

வர்ணம் பூசுவதற்கான கருவியை வாங்கியவன் நான். மலிவைக் கண்டு மயங்கினேன். வாயு அடைத்த தகரப் பேணியுடன் இணைத்து விசிறும் எளிய கருவி அது. தொடக்கத்தில் நன்றாகவே விசிறிற்று. சில நிமிடங்களில் பேணி பனிக்கட்டி போலக் குளிர்ந்தது. வாயுவின் அமுக்கம் விழுந்தது. வர்ணம் துளித்துளியாகத் தெறித்தது. இறக்கைகள் இரண்டும் அம்மை கண்ட முகம்போலாயின. மகன் ஒன்றும் பேசவில்லை. விமானத்தைப் பெட்டியில் வைத்து மூடினான். பிறந்த தினத்துக்கு மூன்று வாரங்களே இருந்தன.

அதன்பின்னரே இக்கருவியைப் பற்றி முறையாகக் கற்றேன்.

காற்றுத் தூரிகை ஏன்?

உண்மை ஹரிக்கேனின் இறக்கைகள் முனைக்கு முனை 40 அடி. நம் சிற்றுருவில் அது 17 சென்ரிமீற்றர் மாத்திரமே. இதன்மேல் 0.1 மில்லிமீற்றர் தடிப்பில் வர்ணம் பூசினால், உண்மை விமானத்தில் 7 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்பில் பூசியதற்கு அது சமமாகும். தகட்டுப் பொருத்துகளைக் காட்டும் மெல்லிய கோடுகள் அதற்குள் மறைந்துபோகும். காற்றுத் தூரிகையோ வர்ணத்தைப் பனிப்புகையாக்கி, மிக மெல்லிய படைகளாகப் படியச் செய்கிறது. பச்சையும் மண்ணிறமும் ஒன்றோடொன்று மெல்லக் கலக்கும் எல்லையையும் அதனாலேயே எளிதிற் பெறலாம்.

இது புதிய கருவியன்று. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஏப்னர் பீலர் என்பவர் 1870களின் இறுதியில் இதன் முன்னோடியை அமைத்தார். 1890களில் சாள்ஸ் பேர்டிக் ஆக்கிய வடிவமே இன்றைய கருவிகளுக்கு மூதாதை எனலாம். புகைப்படங்களுக்கு மெருகூட்டப் பயன்பட்ட இக்கருவி, பிளாஸ்ரிக் சிற்றுருவங்கள் பரவிய பின்னர் அவற்றைச் செய்வோர் கைக்கும் வந்து சேர்ந்தது.

எவ்வகையைத் தெரிவது?

முதலாவதாக விசையைக் கவனியுங்கள். ஒற்றைச் செயல் விசையை அழுத்தினால் காற்றும் வர்ணமும் ஒருங்கே வரும். வர்ணத்தின் அளவைத் திருகாணியால் முன்கூட்டியே அமைக்க வேண்டும். இரட்டைச் செயல் விசையைக் கீழே அழுத்தினால் காற்று வரும். பின்னே இழுத்தால் ஊசி விலகி வர்ணம் வரும். ஒரே விரலால் இரண்டையும் ஆளலாம். பழகச் சில நாட்கள் வேண்டும். ஆயினும் முதற் கருவியாக இதனையே வாங்குதல் நன்று. ஒற்றைச் செயலில் தொடங்கியோர் பலர் பின்னர் இதனையே நாடி, இரு முறை செலவு செய்கின்றனர்.

இரண்டாவது, வர்ணக் கிண்ணம். மேற்பக்கம் கிண்ணமுள்ள கருவியில் வர்ணம் தன் பாரத்தினால் தானே இறங்கும். சில துளிகளே போதும். குறைந்த காற்றமுக்கத்திலும் இயங்கும். கீழே போத்தல் பூட்டும் வகை, பெரிய பரப்புக்கு ஏற்றது; வர்ணத்தை உறிஞ்சி எடுக்க அதற்குக் கூடிய காற்று வேண்டும். சிறிய சிற்றுருவங்களுக்கு மேற்கிண்ணமே உகந்தது.

மூன்றாவது, ஊசி பொருந்தும் நுண்மூக்கின் துளை. 0.2 மில்லிமீற்றர் துளை மயிரிழை போன்ற கோடு வரையும். ஆனால் அடிக்கடி அடைபடும். 0.5 மில்லிமீற்றர் துளை, அடிப்பூச்சுக்கும் வார்னிசுக்கும் நன்று. புதியவருக்கு இடைப்பட்ட 0.3 மில்லிமீற்றரே பொருத்தம்.

இவை அனைத்திலும் முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. "இதற்கு மாற்று ஊசியும் மூக்கும் கிடைக்குமா?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். ஊசிமுனை சிறிது வளைந்தாலும் வர்ணம் தெறிக்கும். மூக்கை அளவுக்கு மீறி முறுக்கினால் அது வெடிக்கும். உதிரிப்பாகம் கிடையாத கருவி எத்துணை மலிவாயினும் வீண்செலவே.

காற்று எங்கிருந்து?

கைப்பணம் முழுவதையும் தூரிகைக்கே செலவிட்டுவிடாதீர்கள். அதற்குக் காற்றூட்டும் கொம்பிறசர் பல வேளைகளில் தூரிகையிலும் விலை கூடியது. காற்றைச் சேமிக்கும் சிறு தாங்கி, அமுக்கத்தைச் சீராக்கும் கருவி, நீரைப் பிரிக்கும் கிண்ணம் ஆகிய மூன்றும் அதில் இருத்தல் வேண்டும். தாங்கி இல்லாவிடின் காற்று விட்டுவிட்டு வரக்கூடும். நம் நாட்டின் ஈரக்காற்றில் நீர்பிரிப்பான் இன்றியமையாதது; அஃதின்றேல் வர்ணத்தின் நடுவே நீர்த்துளி வந்து விழும். பெரும்பாலான வேலைகளுக்குச் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 இறாத்தல் அமுக்கம் போதும்.

வர்ணத்தைப் பாலின் பதத்துக்கு அதற்குரிய தின்னரால் நெகிழ்த்துங்கள். ஒரே தடவையில் மூட முயலாது, மெல்லிய படைகளாகப் பூசுங்கள். முதலிற் பழைய கடதாசியிலும், பின் எறிய வைத்த பிளாஸ்ரிக் கரண்டியிலும் பழகுங்கள்.

நிறம் மாற்றும்போதெல்லாம் கழுவுவதும், வேலை முடிந்ததும் ஊசியைக் கழற்றித் துடைப்பதும் கட்டாயம். உலர்ந்த வர்ணமே இக்கருவியின் முதற் பகைவன்.

தாய்மாரும் தந்தைமாரும் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். நீரிற் கரையும் வர்ணமாயினும் அதன் பனிப்புகை நுரையீரலுக்கு ஆகாது. தின்னரின் ஆவியைச் சாதாரணத் துணிக்கவசம் தடுக்காது. ஆவியை உறிஞ்சும் வடிகட்டி பூட்டிய கவசம் வேண்டும். யன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்புக்கும் நெருப்புக்கும் அப்பால் இருந்தே வேலை செய்தல் வேண்டும்.

வருடத்துக்கு ஒரு சிற்றுரு செய்பவருக்கு இத்தனை செலவு தேவையில்லை. நல்ல மயிர்த்தூரிகையும் பொறுமையும் அவருக்குப் போதும்.

நாங்கள் பழைய வர்ணத்தை மெல்ல நீக்கி, இரட்டைச் செயல் தூரிகை ஒன்றுடன் மறுபடி தொடங்கினோம். ஒரு வாரம் முழுவதும் மகன் கடதாசியில் மட்டுமே விசிறினான். பிறந்த தினத்துக்கு முதல்நாள் இரவே கடைசிப் படை உலர்ந்தது.

என் தகப்பனாருக்கு இப்போது பார்வை மிகவும் குறைவு. விமானத்தைக் கையில் வாங்கி, இறக்கையின்மேல் விரலை மெல்ல ஓட்டினார். தகட்டுக் கோடுகள் ஒவ்வொன்றும் விரலுக்குத் தென்பட்டன. நிறங்கள் சந்திக்கும் இடத்திலோ ஒரு தடிப்பும் தட்டுப்படவில்லை.

"இதுதான்ரா தம்பி, அண்டைக்கு நான் பார்த்தது" என்றார் பேரனிடம்.