புழுவுக்கும் இரத்தம் உண்டு

கரிசல் நிலத்து உழவர் பெருமக்களே! பசுவந்தனை, கோவில்பட்டி சுற்றுவட்டாரங்களில் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி மானாவாரியாக மக்காச்சோளம் விதைக்கிறீர்கள். பயிர் முழங்கால் உயரம் வருமுன்பே குருத்தில் படைப்புழு புகுந்துவிடுகிறது. 2018ஆம் ஆண்டு மே மாதம் கர்நாடகத்தில் காணப்பட்ட இப்புழு, அதே ஆண்டில் நம் மாநிலத்துக்கும் வந்து சேர்ந்தது. இதை நசுக்கினால் சிவப்பு இரத்தம் வருவதில்லை. பச்சை கலந்த நீர்தான் வருகிறது. அந்த நீரில் புழு தின்ற இலைச்சாறும் இருக்கிறது, அதன் இரத்தமும் இருக்கிறது. அந்த இரத்தம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால், மருந்துச் செலவில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தலாம்.

முதுகில் ஓர் இதயம்

நமது உடலில் இரத்தம் குழாய்களுக்குள்ளேயே ஓடித் திரும்புகிறது. பூச்சி, சிலந்தி, தேள், நண்டு ஆகிய கணுக்காலிகளில் அப்படியில்லை. புழுவின் முதுகுத் தோலுக்கு அடியில், வாலிலிருந்து தலைவரை ஒரே ஒரு நீண்ட குழாய் உள்ளது. அதன் பின்பகுதியே இதயம். அதன் பக்கவாட்டில் சோடி சோடியாகச் சிறு துளைகள் உண்டு. குழாய் விரியும்போது இரத்தம் இத்துளைகள் வழியே உள்ளே வருகிறது. சுருங்கும்போது துளைகள் அடைபட்டு, இரத்தம் தலைப்பக்கம் தள்ளப்படுகிறது. அங்கே குழாய் முடிந்துவிடுகிறது. வெளியே கொட்டிய இரத்தம் குடல், நரம்பு, தசை எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு மெல்லப் பின்னோக்கி வருகிறது.

பம்புசெட் தண்ணீரை வயலின் தலைமாட்டில் கொட்டுகிறது. பின்பு வாய்க்கால் இல்லாமலே நீர் வயல் முழுவதும் பரவுகிறது. புழுவின் இரத்த ஓட்டமும் அதுபோன்றதே. இதைத் திறந்த இரத்த ஓட்டம் என்பர். வெளிர்நிறத் தோலுடைய பட்டுப்புழுவின் முதுகை உற்றுநோக்கினால், நடுக்கோடு துடிப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

ஏன் சிவப்பு இல்லை?

நமது இரத்தம் மூச்சுக்காற்றைச் சுமப்பதால் சிவந்திருக்கிறது. புழுவுக்கு அந்த வேலை இல்லை. அதன் உடலின் இருபக்கமும் ஒன்பது சோடி மூச்சுத்துளைகள் உள்ளன. அவற்றிலிருந்து கிளைக்கும் நுண்குழாய்கள் காற்றை உறுப்புகளுக்கு நேரே கொண்டு சேர்க்கின்றன. இரத்தம் உணவுச் சத்தையும் கழிவையும் சுமக்கிறது. தோல் உரிக்கும்போது உடலை உப்பச் செய்து பழைய தோலைப் பிளக்கிறது. அந்துப்பூச்சியின் சுருங்கிய இறக்கையை விரிக்கிறது. தேளிலும் நண்டிலும் இரத்தமே மூச்சுக்காற்றைச் சுமக்கிறது. அதில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் நீலச்சாயல் தோன்றும்.

இதனால் நமக்கு என்ன பயன்?

1. புழுவின் உள்ளுறுப்புகள் எல்லாம் ஒரே குட்டையில் மிதக்கின்றன. எனவே எப்படியாவது உள்ளே நுழைந்துவிட்ட நோய்க்கிருமி உடலெங்கும் பரவிவிடும். மெட்டாரைசியம் என்னும் பூஞ்சாணம் இவ்வாறுதான் வேலை செய்கிறது. அதன் வித்து புழுவின் தோலில் ஒட்டி, முளைத்து, தோலைத் துளைத்து இரத்தத்தில் பெருகுகிறது. இதற்கு ஈரம் தேவை. ஆகவே மாலை வேளையில் தெளிக்க வேண்டும். பூஞ்சாணக் கொல்லியுடன் கலக்கக் கூடாது. புழு சாகச் சில நாட்கள் ஆகும்.

2. எமாமெக்டின் பென்சோயேட் மருந்தைத் தின்ற புழு உடனே செத்து விழாது. மருந்து குடலைக் கடந்து இரத்தத்தில் கலந்து நரம்பை அடைந்ததும், புழு தின்பதை நிறுத்திவிடும். செத்துப்போக இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். மறுநாள் காலையில் உயிருள்ள புழுவைப் பார்த்துவிட்டு, "மருந்து கேட்கவில்லை" என்று இன்னொரு மருந்தை வாங்க ஓடாதீர்கள். குருத்தில் புதிய எச்சம் விழுகிறதா என்று பாருங்கள். இல்லையெனில் மருந்து வேலை செய்துவிட்டது என்று பொருள்.

3. சிறு குளவிகள் புழுவின் உடலுக்குள் முட்டையிடுகின்றன. குளவியின் குஞ்சு புழுவின் இரத்தத்தில் வளர்ந்து அதைக் கொல்கிறது. கண்ட மருந்தையும் அடிக்கடி தெளித்தால் நமக்காக உழைக்கும் இக்குளவிகளும் அழியும்.

செய்ய வேண்டியது

இலையில் காணும் முட்டைக் குவியலைக் கசக்கி அழியுங்கள். புழு சிறிதாக இருக்கும்போதே, 10 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. கலந்து, குருத்துக்குள் படும்படி தெளியுங்கள். வளர்ந்த புழு தன் எச்சத்தால் குருத்தை அடைத்துக்கொள்ளும். அப்போது மருந்து உள்ளே இறங்காது. காலத்தோடு ஒருமுறை தெளித்து, மூன்று நாள் பொறுத்துப் பார்ப்பவருக்கே காசும் மிஞ்சும், பயிரும் மிஞ்சும்.