சிவப்பு எரிந்தால் பாட்டு போச்சு

மண்டபத்தில் அதே பாட்டு நெஞ்சை அதிரவைத்தது. மறுநாள் பதிவைத் திறந்து கேட்டால் பேஸ் உடைந்து கரகரக்கிறது, பாடகர் குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருகிறது, அடியில் விடாமல் ஒரு உறுமல் வேறு. கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா என்று ஓடிக்கொண்டிருக்கும் இளம் டி.ஜே.க்களிடம் கேட்டுப்பாருங்கள், பாதிப்பேருக்கு மேல் இந்த ஏமாற்றத்தைச் சொல்வார்கள். உடனே 'நல்ல லேப்டாப் வாங்கணும்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் லேப்டாப்பின் மீது தப்பே இல்லை. ஒலி கணினிக்குள் நுழைவதற்கு முன்பே, அல்லது நுழையும் வாசலிலேயே கெட்டுப்போயிருக்கும்.

டி.ஜே.வுக்குப் பதிவுதான் விசிட்டிங் கார்டு. அது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கூல் ஹெர்க், கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் போன்றவர்கள் கூட்டம் கூட்டி இசைத்தபோது, அந்த இசை இசைத்தட்டாக வெளிவருவதற்கு முன்பே கேசட்டுகளில் கைமாறிக்கொண்டிருந்தது. ஹிப் ஹாப் ஊர் விட்டு ஊர் போனதில் அந்தக் கேசட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பிபிசி ரேடியோ 1-இல் 1993-இல் தொடங்கிய 'எசென்ஷியல் மிக்ஸ்' நிகழ்ச்சியில் இடம் கிடைப்பதை இன்றும் டி.ஜே.க்கள் ஒரு பட்டமாகவே கருதுகிறார்கள்.

ஆனால் அந்தக் கேசட் காலம் ஒரு கெட்ட பழக்கத்தையும் விட்டுப்போயிருக்கிறது. காந்த நாடாவில் பதிவு செய்யும்போது மீட்டர் முள் சிவப்புப் பகுதிக்குள் கொஞ்சம் போனாலும் நாடா பொறுத்துக்கொள்ளும். ஒலி அலையின் உச்சியை மெல்ல மழுக்கி வாங்கிக்கொள்ளும். அந்த மழுங்கல் காதுக்கு ஒருவிதக் கனமாகக் கேட்டதால், 'சிவப்பு வரைக்கும் தள்ளு, அப்பதான் பவர்' என்ற பேச்சு வந்தது. கணினிக்கு அந்தப் பொறுமை கிடையாது. 16 பிட் பதிவில் ஒலியின் ஒவ்வொரு கணமும் ஓர் எண்ணாக எழுதப்படுகிறது. அதிகபட்சம் 32,767. அதற்கு மேல் எழுத இடமே இல்லை. மென்பொருள் மீட்டரில் 0 டெசிபெல் என்று காட்டுவது இந்த எல்லையைத்தான். அதைத் தாண்டி வருகிற அலையின் தலை கத்தரித்ததுபோல் தட்டையாகிவிடும். நாம் கேட்கும் கரகரப்பு அதுதான். இதற்கு கிளிப்பிங் என்று பெயர். பிறகு சத்தத்தைக் குறைத்தாலும் வெட்டுப்பட்ட தலை திரும்பாது. அதைச் சரிசெய்வதாகச் சொல்லும் மென்பொருள்கள் போன பகுதியை ஊகித்து நிரப்புகின்றனவே தவிர, போனதை மீட்பதில்லை.

'நான் மீட்டரைப் பார்த்துத்தானே வெச்சேன்' என்பார்கள். உண்மைதான், ஒரு பாட்டை ஓடவிட்டுப் பார்த்திருப்பார்கள். மிக்ஸ் என்பதோ இரண்டு பாட்டு ஒன்றோடொன்று கலப்பது. ஒரே அளவுள்ள இரு வேறு ஒலிகள் சேரும்போது மொத்தம் சுமார் 3 டெசிபெல் ஏறும். தாளம் கச்சிதமாகப் பொருந்தி இரண்டு கிக் டிரம்மும் ஒரே கணத்தில் விழுந்தால் அந்த ஏற்றம் 6 டெசிபெல் வரை, அதாவது இரு மடங்கு வீச்சு. எவ்வளவு நேர்த்தியாக பீட் சேர்க்கிறீர்களோ, அவ்வளவு கடுமையாக அந்த இடத்தில் பதிவு உடையும்! தனிப்பாட்டு சுத்தமாக இருந்து, பாட்டு மாறும் இடங்களில் மட்டும் கரகரத்தால் காரணம் இதுவே. புதுப் பாட்டை உள்ளே கொண்டுவரும்போது பழைய பாட்டின் லோ குமிழை இறக்கிவிடுகிற வழக்கம் தேர்ந்த டி.ஜே.க்களிடம் இருக்கிறது. கேட்க நன்றாக இருப்பதோடு பதிவையும் அது காப்பாற்றுகிறது.

எனவே அளவு வைக்கும்போது உங்களிடம் இருக்கும் மிகச் சத்தமான இரண்டு பாட்டுகளைச் சேர்த்து ஓடவிடுங்கள். அந்த நேரத்திலும் பதிவு மென்பொருளின் மீட்டர் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டக் கூடாது. பதிவு சன்னமாகத் தெரியும், கவலை வேண்டாம். முடிந்த பிறகு நார்மலைஸ் செய்து உயர்த்திக்கொள்ளலாம். 24 பிட்டில் பதிந்தால், அப்படி உயர்த்தும்போது இரைச்சல் ஏறுமே என்ற பயமும் தேவையில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கரகரக்கும் இடத்தை ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் பெரிதாக்கிப் பாருங்கள். அலையின் தலை 0 டெசிபெல் எல்லையில் தட்டையாக இருந்தால் வெட்டு கணினியின் வாசலில் நடந்திருக்கிறது. தலை தட்டையாக, ஆனால் அந்த எல்லைக்கு வெகு கீழே இருந்தால், ஒலி மிக்ஸரிலோ சவுண்டு கார்டின் உள்ளீட்டிலோ முன்பே உடைந்துவிட்டது. விண்டோஸில் ஒலிப்பதிவு ஸ்லைடரைக் குறைத்தும் கரகரப்பு போகாத மர்மம் இதில்தான் இருக்கிறது. பல யுஎஸ்பி கருவிகளில் அந்த ஸ்லைடர், ஒலி எண்ணாக மாறிய பிறகே வேலை செய்கிறது. உடைந்ததைச் சின்னதாக்கும், அவ்வளவே. குறைக்க வேண்டியது மிக்ஸரின் டிரிம்மை அல்லது சவுண்டு கார்டின் கெயினை.

அடுத்த பெரிய குற்றவாளி தப்பான துளை. மேசைக் கணினியின் பின்புறத்தில் இளஞ்சிவப்பு மைக்குக்கு, வெளிர்நீலம் லைன் இன்னுக்கு, பச்சை ஸ்பீக்கருக்கு. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். வீட்டு உபயோக மிக்ஸரின் லைன் ஒலி சுமார் 0.3 வோல்ட், தொழில்முறை மிக்ஸரில் 1.2 வோல்ட்டுக்கும் மேல். அத்தனையையும் மைக் துளைக்குள் தள்ளினால் எப்படிச் சுத்தமாக இருக்கும்? இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலும் ஹெட்செட்டுக்கான ஒரே ஒரு துளைதான். அதன் மைக் பகுதி மோனோ. அதோடு, பேச்சுக்காக வைத்த இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம், தானாக அளவு மாற்றும் வசதி எல்லாம் பாட்டின் மீதும் பாயும். பாட்டு அமைதியாகும் இடத்தில் சத்தம் தானாக மேலேறி, பீட் விழுந்ததும் சடாரென்று அமுங்கினால் அந்த வசதிதான் வேலை காட்டுகிறது. விண்டோஸ் ஒலி அமைப்பில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். அதைவிட, லைன் உள்ளீடு உள்ள சின்ன யுஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்று வாங்குவது நல்லது. பெரிங்கர் யுசிஏ202 போன்ற எளிய கருவியே பலருக்குப் போதும். அதில் உள்ளீட்டுக் குமிழ் கிடையாது என்பதால் அளவை மிக்ஸரிலேயே சரியாக வைத்தாக வேண்டும். உங்கள் மிக்ஸரிலேயே யுஎஸ்பி ஒலி இணைப்பு இருந்தால் இந்தச் செலவும் மிச்சம்.

மிக்ஸரில் ஒலி எடுக்க வேண்டியது ரெக் அவுட் துளையிலிருந்து. மண்டபத்துக்காக மாஸ்டர் குமிழைக் கூட்டினாலும் குறைத்தாலும் பெரும்பாலான மிக்ஸர்களில் ரெக் அவுட் மாறாது. அது இல்லையென்று ஹெட்போன் துளையில் ஸ்டீரியோ கேபிளைச் செருகி, மறுமுனையை சவுண்டு கார்டின் ஒற்றை பேலன்ஸ்டு உள்ளீட்டில் கொடுப்பவர்கள் உண்டு. அப்போது இடது ஒலியிலிருந்து வலது ஒலி கழிந்துவிடும். இரண்டிலும் சமமாக இருக்கிற குரலும் பேஸும் காணாமல் போய், எதிரொலியும் பக்க வாத்தியமும் மட்டும் மிஞ்சும். கிணற்றுக் குரலின் ரகசியம் இதுதான். மென்பொருளில் எந்தக் குமிழைத் திருகினாலும் தீராது, கேபிளை மாற்ற வேண்டும்.

உறுமலுக்கு வருவோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளும் பதிவுக்குள் புகுந்தால் அடியில் 'ம்ம்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். நின்றுவிட்டால், லேப்டாப்பும் மிக்ஸரும் வெவ்வேறு எர்த் வழியாகச் சுற்றுப் போடுகின்றன என்று பொருள். எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டில் செருகினால் பல நேரம் தீரும். தீராவிட்டால் கேபிளுக்கு நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடலாம். சிலர் பிளக்கின் எர்த் பின்னையே உடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பின் உயிரைக் காப்பதற்காக இருக்கிறது. ஈரமான மேடையில், மழைக்காலப் பந்தலில், இரும்புப் பெட்டியைத் தொட்ட கைக்கு அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப்பாருங்கள். டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள் அதன் மெல்லிய எர்த் கம்பியை மிக்ஸரின் திருகாணியில் மாட்டியிருக்கிறோமா என்று பார்க்கட்டும். அதன் ஒலி போனோ உள்ளீட்டுக்குத்தான் போக வேண்டும். லைனில் கொடுத்தால் பேஸே இல்லாமல் மெலிந்து கேட்கும்.

கரகரப்பையும் 'டக் டக்'கையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கரகரப்பு சத்தமான இடங்களில் பீட்டோடு சேர்ந்தே வரும். டக் டக் என்பது அமைதியான இடத்திலும் நினைத்தபடி வரும். கணினி நேரத்துக்கு ஒலியை எழுத முடியாமல் தவறவிட்ட துண்டுகள் அவை. பஃபர் அளவை 256-இலிருந்து 1024 ஆக்குங்கள். தாமதம் 6 மில்லி நொடியிலிருந்து 23 ஆகும், வெறும் பதிவுக்கு அதனால் எந்த நஷ்டமும் இல்லை. வைஃபையை அணைத்து, யுஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து நேரடியாகச் செருகினால் இன்னும் நல்லது. பாட்டின் சுருதி இறங்கி, வேகம் சுமார் 8 சதவீதம் குறைந்து கேட்டால், 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை ஏதோ ஒரு மென்பொருள் 44.1 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே எண்ணை வையுங்கள்.

கன்ட்ரோலர் வைத்து செராட்டோ, ரெகார்ட்பாக்ஸ், விர்ச்சுவல் டி.ஜே., இலவசமாகக் கிடைக்கும் மிக்ஸ் (Mixxx) போன்ற மென்பொருளில் இசைப்பவர்கள் அதிலேயே உள்ள பதிவு வசதியைப் பயன்படுத்தலாம். கேபிள், துளை, எர்த் என்ற தொல்லைகள் அங்கே இல்லை. மாஸ்டர் மீட்டர் சிவப்பில் நின்றால் அங்கேயும் பதிவு உடையும். பதிந்தது சுத்தமாக இருந்தும் மந்தமாகக் கேட்டால் பாட்டுக் கோப்பையே சந்தேகப்படுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த 128 கேபிபிஎஸ் எம்பி3-யில் சுமார் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி பெரும்பாலும் வெட்டப்பட்டிருக்கும். அதை மறுபடி எம்பி3 ஆகப் பதிந்தால் இன்னும் கெடும். வேவ் கோப்பாகப் பதியுங்கள். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேரத்துக்கு 635 எம்பி இடம் போகும், இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது பெரிதல்ல. கேட்பவருக்கு அனுப்பும்போது மட்டும், ஒரே ஒரு முறை 320 கேபிபிஎஸ் எம்பி3-க்கு மாற்றினால் போதும்.

எங்கே கோளாறு என்று தெரியவே இல்லையா? போனில் ஒரு பாட்டைப் போட்டு, மிக்ஸரை விட்டுவிட்டு நேரே சவுண்டு கார்டில் கொடுத்துப் பதியுங்கள். சுத்தமாக வந்தால் கோளாறு மிக்ஸர் பக்கம், வராவிட்டால் கணினிப் பக்கம். தேட வேண்டிய இடம் பாதியாகிவிட்டது. பிறகு ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது தீர்த்தது என்பது தெரியாமல் அடுத்த விழாவில் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள்.

இந்த வாரக் கடைசியில் நிகழ்ச்சி இருந்தால், கூட்டம் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே எல்லாவற்றையும் இணைத்து ஒரு நிமிடம் பதிந்து, ஸ்பீக்கரில் அல்லாமல் ஹெட்போனில் கேட்டுவிடுங்கள். மண்டப ஸ்பீக்கர் எல்லாக் குறையையும் மறைத்துவிடும், ஹெட்போன் மறைக்காது.