முடிவு தெரிந்த கதைதான்... ஆனாலும் விடாமல் படிப்பது ஏன்? ஷோஜோ காதல் மாங்கா ஜெயிப்பதும் சொதப்புவதும் இந்த இடங்களில்தான்!

அட்டையைப் பார்த்தாலே முடிவு தெரிந்துவிடும். பள்ளிச் சீருடையில் ஒரு பெண், பக்கத்தில் நெற்றியில் முடி புரளும் ஒரு பையன், சுற்றிலும் பூக்கள். எப்படியும் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். இதில் என்ன சஸ்பென்ஸ் இருக்கிறது? ஆனாலும் சில தொடர்களை ராத்திரி இரண்டு மணி வரை கண் விழித்துப் படிக்கிறோம். சிலவற்றை ஆறாவது தொகுதியிலேயே 'போதும்டா சாமி' என்று மூடி வைக்கிறோம். கதை ஏறக்குறைய ஒன்றுதான் என்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது?

ஒரு சின்ன எச்சரிக்கை: கீழே சில தொடர்களின் முடிவுகளும் வருகின்றன. ஸ்பாய்லர் பிடிக்காதவர்கள் உஷார்!

ஷோஜோ என்பது என்ன?

ஜப்பானிய மொழியில் 'ஷோஜோ' என்றால் சிறுமி, இளம்பெண். ஷோஜோ மாங்கா என்பது உண்மையில் ஒரு கதை வகை அல்ல. அது எந்தப் பத்திரிகையில் வெளியாகிறது என்பதை வைத்துச் சொல்லும் பெயர். ரிபோன், மார்கரெட், ஹானா தோ யுமே, லாலா, டெஸர்ட் போன்ற இளம்பெண்களுக்கான பத்திரிகைகளில் வந்தால் அது ஷோஜோ. அதனால் இதில் வரலாறும் உண்டு, அறிவியல் புனைகதையும் உண்டு. 1972-ல் மார்கரெட்டில் தொடங்கிய இகெதா ரியோகோவின் 'வெர்சாய் ரோஜா' பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நடக்கும் கதை.

ஆரம்பத்தில் இந்தப் பத்திரிகைகளில் ஆண்களே அதிகம் வரைந்தார்கள். 1970-களில் ஹாகியோ மோதோ, தகேமியா கெய்கோ போன்ற பெண்கள் வந்த பிறகு ஆட்டமே மாறியது. கட்டங்களின் கோடுகள் உடைந்தன. பலூனுக்குள் இல்லாத வரிகளாக மனக்குரல் பக்கமெங்கும் பரவியது. 'அவன் என்ன செய்தான்' என்பதைவிட 'அப்போது அவளுக்குள் என்ன நடந்தது' என்பது முக்கியமானது. இன்று வரை ஷோஜோ காதல் கதையின் பலம் அதுதான்.

ஹீரோ இல்லாவிட்டாலும் அவளுக்கு வாழ்க்கை இருக்கிறதா?

ஷீனா கருஹோவின் 'கிமி நி தொதோகே' பெஸ்ஸாட்சு மார்கரெட் மாத இதழில் பத்தாண்டுக்கு மேல் வந்து, 2017-ல் 30 தொகுதிகளோடு முடிந்த தொடர். 2008-ல் கோதான்ஷா மாங்கா விருது பெற்றது. கதைநாயகி சவாகோவைப் பார்த்தால் பேய்ப்படத்து சதாகோ மாதிரி இருக்கிறாள் என்று வகுப்பே ஒதுங்குகிறது. கஸெஹாயா என்ற பையன் மட்டும் அவளிடம் சாதாரணமாகப் பேசுகிறான்.

வழக்கமான கதையாக இருந்தால் அடுத்த சாப்டரிலேயே காதல் ஆரம்பித்திருக்கும். இங்கே சவாகோ முதலில் தேடிக்கொள்வது தோழிகளை. அயானே, சிஸுரு இருவர் மேலும் மோசமான வதந்தி கிளம்புகிறது. கிளப்பிவிட்டதே சவாகோதான் என்றும் பேச்சு. யாரிடமும் வாய் திறக்கவே பயந்தவள், அந்த நட்புக்காக எழுந்து நின்று பேசுகிறாள். அந்த இடத்தில் கஸெஹாயா அவளைக் காப்பாற்ற வேண்டியிருக்கவில்லை. பிறகு காதல் வரும்போது, தனியாக நிற்கத் தெரிந்த ஒருத்தியின் காதலாக அது வருகிறது.

சொதப்பும் தொடர்களில் இதற்கு நேர்மாறாக நடக்கும். ஹீரோயினுக்கு ஒரு தோழி இருப்பாள், ஆனால் அவள் வேலையே "அவன் உன்னைத்தான் பார்க்கிறான்" என்று சொல்வது மட்டும்தான். அந்தப் பையனை எடுத்துவிட்டால் ஹீரோயினிடம் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

தடை எங்கிருந்து வருகிறது?

காதல் கதை என்றால் இருவருக்கும் நடுவில் ஏதாவது நிற்க வேண்டும். அது அவர்களின் சுபாவத்திலிருந்தே வந்தால் நம்புகிறோம். யாரோ பாதியில் கேட்ட பேச்சு, தவறான நேரத்தில் திறந்த கதவு என்று தற்செயலாகவே வந்துகொண்டிருந்தால் கடுப்பாகிறோம்.

சகிசகா இயோவின் 'ஆவோ ஹாரு ரைட்' 2011 முதல் 2015 வரை வந்து 13 தொகுதிகளில் முடிந்தது. இதில் இரண்டையுமே பார்க்கலாம். தாயை இழந்த துக்கத்தில் யாரிடமும் ஒட்டாமல் இருக்கிறான் கோவ். அவனை நெருங்கப் பார்க்கிறாள் ஃபுதாபா. இந்தத் தடை நிஜமானது. அதனால் முதல் பாதி மனதைப் பிசைகிறது. பிறகு, தந்தையை இழந்த நருமி என்ற பெண் வருகிறாள். அவளைக் கைவிட முடியாமல் கோவ் ஃபுதாபாவிடமிருந்து விலகுகிறான். ஃபுதாபா வேறொருவனோடு பழகத் தொடங்குகிறாள். துக்கத்தில் இருப்பவன் இன்னொரு துக்கத்தைக் கண்டால் இப்படித்தான் நடந்துகொள்வான் என்று ஏற்றுக்கொண்டவர்கள் உண்டு. 'இது சும்மா இழுவை' என்று அலுத்துக்கொண்டவர்களும் உண்டு.

இழுவைக்குத் தொழில்ரீதியான காரணமும் இருக்கிறது. இவை முழு நாவலாக எழுதி முடித்து வெளியாகும் கதைகள் அல்ல. மாதம் ஒரு முறையோ இரு முறையோ ஒவ்வொரு சாப்டராக வருபவை. எந்தத் தொடர் பிடித்தது என்று வாசகர்களிடம் கருத்துக் கேட்கும் அஞ்சலட்டை ஜப்பானிய மாங்கா பத்திரிகைகளில் நெடுங்கால வழக்கம். வரவேற்பு இல்லாத தொடர் சீக்கிரம் முடிக்கப்படும். வரவேற்பு இருந்தால் தொடர் நீளும். ஹிட்டான காதல் கதையை நீட்டுவதற்கு எளிய வழி? புதிதாக ஒரு போட்டியாளரை இறக்குவது!

'சரி' சொன்ன பிறகு என்ன?

நிறைய தொடர்கள் காதலைச் சொன்னதோடு முடிந்துவிடுகின்றன. வருஷக்கணக்கில் காத்திருந்த வாசகருக்குக் கிடைப்பது ஒரு முத்தமும் நாலு பக்கமும். "அட, இவ்வளவுதானா?" என்ற ஏமாற்றம் இங்கிருந்துதான் வருகிறது.

'கிமி நி தொதோகே'யில் ஜோடி சேர்ந்த பிறகும் கதை வெகுதூரம் போகிறது. கையைப் பிடிப்பதற்கே கூச்சப்படுவது, உயர்படிப்புக்காக எந்த ஊருக்குப் போவது என்று முடிவெடுப்பது என எல்லாம் அதில் உண்டு.

2019-ல் டெஸர்ட் இதழில் தொடங்கிய 'யுபிசகி தோ ரென்ரென்' இன்னும் துணிச்சலானது. மொரிஷிதா சூ என்ற ஒற்றைப் பெயரில் இருவர் சேர்ந்து உருவாக்கும் தொடர் இது. 2024-ல் அனிமேவாகவும் வந்தது. நாயகி யூகி பிறவியிலேயே காது கேளாத கல்லூரி மாணவி. நாயகன் இத்சுயோமி பல மொழி தெரிந்தவன், ஆனால் சைகை மொழி தெரியாது. கதையின் ஆரம்பக் கட்டத்திலேயே இருவரும் ஜோடியாகிவிடுகிறார்கள். பிறகு எதற்காகப் படிப்பது? அவன் ஒவ்வொரு சைகையாகக் கற்றுக்கொள்வதைப் பார்க்கத்தான். 'சேர்வார்களா' என்ற கேள்வி போய், 'ஒருவரை ஒருவர் எப்படிப் புரிந்துகொள்வார்கள்' என்ற கேள்வி வந்துவிடுகிறது.

தோற்கும் பையனை எப்படி நடத்துகிறார்கள்?

யமமோரி மிகாவின் 'ஹிருநகா நோ ரியூசேய்' மார்கரெட்டில் 2011 முதல் 2014 வரை வந்தது. கிராமத்திலிருந்து தோக்கியோ வரும் சுஸுமே தன் ஆசிரியர் ஷிஷியோவிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். வகுப்புத்தோழன் மமுரா அவளை விரும்புகிறான். முதல் அத்தியாயத்திலிருந்தே ஆசிரியர்தான் ஹீரோ என்று தோன்றும். கடைசியில் அவள் கை பிடிப்பது மமுராவை.

ஷிஷியோ ரசிகர்களுக்கு இது பேரிடிதான். ஆனால் திரும்பிப் படித்தால் விதைகள் தெரிகின்றன. ஒருவர் அவளைச் சேர்த்துக்கொண்டு பிறகு தானே விலக்குகிறார். இன்னொருவன் அவள் அழும்போது பக்கத்தில் இருக்கிறான். முடிவு பிடிக்காமல் போகலாம், ஆனால் அது வானத்திலிருந்து குதிக்கவில்லை. பிடிக்காத முடிவை வாசகர் மன்னித்துவிடுவார். நம்ப முடியாத முடிவை மன்னிக்க மாட்டார்.

தகாயா நட்சுகியின் 'ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்' முக்கோணத்தை வேறு விதமாக அவிழ்த்தது. 1998 முதல் 2006 வரை 23 தொகுதிகள். தோரு மீது தனக்கு இருப்பது காதல் அல்ல, தனக்குக் கிடைக்காத தாயன்பின் ஏக்கம் என்று யூகி தானே உணர்கிறான். அவன் தோற்றவனாக ஓரங்கட்டப்படவில்லை, அவனுக்கென்று தனிக் கதை கிடைக்கிறது.

அவள் 'வேண்டாம்' என்றால்?

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். கமியோ யோகோவின் 'ஹானா யோரி தாங்கோ' 1992-ல் மார்கரெட்டில் தொடங்கியது. 'பூவைவிடக் கொழுக்கட்டை மேல்' என்ற ஜப்பானியப் பழமொழியில், கொழுக்கட்டை இருக்கும் இடத்தில் 'பையன்கள்' என்ற எழுத்தைப் போட்டு வைத்த தலைப்பு. தைவான், ஜப்பான், கொரியா, சீனா என்று நாடு நாடாகத் தொடராக எடுக்கப்பட்டது. 2009-ல் வந்த கொரிய வடிவமான 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' புதுயுகம் தொலைக்காட்சி வழியாகத் தமிழிலும் பேசியது.

இதன் நாயகன் தோமியோஜி பணக்காரத் திமிர் பிடித்தவன். நாயகி சுகுஷியைப் பள்ளியே சேர்ந்து துன்புறுத்த வைக்கிறான். ஆரம்ப அத்தியாயங்களில் வலுக்கட்டாயமாக அவளை நெருங்கவும் பார்க்கிறான். இவனை எப்படி ஹீரோவாக ஏற்பது? கதை தப்பிப்பது சுகுஷியால். தன்னை மிதித்தாலும் முளைக்கும் களைச்செடி என்று சொல்லிக்கொண்டு அவன் மேல் போர் அறிவிக்கிறாள். மாற வேண்டியது அவன்தான் என்பதில் கதைக்குக் குழப்பமில்லை. ஆனாலும் இன்று புதிதாகப் படிப்பவர்களுக்கு அந்த ஆரம்பக் காட்சிகள் உறுத்தத்தான் செய்யும்.

இதேபோல 'கபேதோன்' என்றொரு காட்சி. பெண்ணைச் சுவரோரம் நிறுத்தி, தலைக்குப் பக்கத்தில் கையை ஓங்கி ஊன்றுவான் பையன். 2014-ல் ஜப்பானின் ஆண்டு புதுச்சொற்கள் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்த வார்த்தை இது. ஒருவர் மேல் ஒருவருக்கு விருப்பம் இருப்பது தெரிந்த இடத்தில் அது ரொமான்ஸ். அவள் பயத்தில் நடுங்கும்போது அதே பூக்களைப் பின்னணியில் வரைந்தால் அது வேறு பாடம். இவற்றின் முதல் வாசகர்கள் பதின்வயதுப் பெண்கள். காதல் எப்படி இருக்கும் என்பதை அனுபவத்துக்கு முன்பே இந்தப் பக்கங்களில் பார்த்துவிடுகிறார்கள். பொறாமையைப் பாசம் என்றும், மிரட்டலை அக்கறை என்றும் காட்டும் கதை வெறும் மொக்கைக் கதையாக நின்றுவிடுவதில்லை.

புதிதாக ஒன்று எடுக்கப் போகிறீர்களா?

முதல் தொகுதியிலேயே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஹீரோயின் அந்தப் பையனைத் தவிர வேறு எதையாவது, யாரையாவது பற்றி யோசிக்கிறாளா? அவர்களுக்கு நடுவில் நிற்கும் சிக்கல், பத்து நிமிஷம் மனம் விட்டுப் பேசினாலே தீர்ந்துவிடுமா? அவள் 'வேண்டாம்' என்று சொன்னபோது அவன் நின்றானா? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் தைரியமாக அடுத்த தொகுதிக்குப் போகலாம்.

தொடர் முடிந்துவிட்டதா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். யசாவா ஐயின் 'நானா' 21 தொகுதிகள் வந்த நிலையில், ஆசிரியரின் உடல்நலக் குறைவால் 2009-ல் நின்றது. அதன் ரசிகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.